‘நீர்’ போட்டுக் கதையுங்கள்: தன்னைத் தானே ஏசுகிறவர்களுக்கு ஒன்பது கிழமை வழிகாட்டி

உயர்தர இரசாயனவியல் பல்தேர்வுப் பேப்பர் ஒன்றைச் செய்து திருத்துகிறீர்கள். 50 இல் 19. பேனை கீழே போக முதலே உள்ளே ஒரு குரல் தொடங்கிவிடும்: “உனக்கெங்கை இதெல்லாம் ஏறப்போகுது. அம்மான்ர காசுதான் வீண்.” ஃபோனை எடுக்கிறீர்கள். திரும்பக் கொப்பியைத் திறக்கும்போது இரவுச் சாப்பாடும் முடிந்திருக்கும். பேப்பருக்குப் போனது இரண்டு மணித்தியாலம். ஏச்சுக்குப் போனது மூன்று.

அந்த மூன்று மணித்தியாலத்தை அரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவரும் வழியைத்தான் இங்கே எழுதியிருக்கிறது. உள்ளே ஏசுகிற ‘நீ’யை மதிப்பான ‘நீர்’ ஆக்கித் தன்னோடு கதைப்பதுதான் அதன் நடு. தட்டுத் தடுமாறிக் கற்றதை ஒழுங்குபடுத்தி வைத்தால், புதிதாகத் தொடங்குகிறவர் அதே பிழைகளை விட வேண்டியதில்லை.

“அடியாத மாடு படியாது” என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. சரி, படியட்டும். அடிக்கிறவரும் அடி வாங்குகிற மாடும் ஒரே ஆளாக இருந்தால் வயலை உழுகிறது யார்? 2012 இல் பேர்க்லியில் பிறைன்ஸ், சென் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொற்பரீட்சை ஒன்றில் சறுக்கிய மாணவர்களில் தங்களைக் கனிவோடு பார்க்கச் சொல்லப்பட்டவர்கள், மறுபரீட்சைக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்கள். 2010 இல் கனடாவின் கார்ள்டன் பல்கலைக்கழக ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் இழுத்தடித்ததற்குத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாக இழுத்தடித்தார்கள். தன்னோடு தன்மையாகக் கதைத்தால் பஞ்சி பிடித்துவிடும் என்ற பயத்துக்கு இவை போதும். மேலே போவோம்.

பேப்பர் ஓர் உதாரணம்தான். பிளவுஸ் கையை அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்ட தையற்காரிக்கும், கலியாண வீட்டில் பாயாசம் குடித்துவிட்டு “இனி என்ன கட்டுப்பாடு” என்று கிழமை முழுக்க விட்டுவிடுகிற சீனி வருத்தக்காரருக்கும், ஐஇஎல்ரிஎஸ் ஆங்கிலச் சோதனையை இரண்டாம் முறை எழுதுகிறவருக்கும் முறை ஒன்றுதான்.

1. முதலில், இது உங்களுக்கான வழிதானா என்று பாருங்கள்

உள்ளே கேட்கிற குரல் “செத்துப்போ” என்று சொன்னால், இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருந்தால், முந்திப் பிடித்திருந்த எதிலும் மனம் போகாவிட்டால், கொப்பியும் பேனையும் போதாது. வைத்தியரிடம் போங்கள்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலச் சேவை உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. அடையாள அட்டை, முன்னர் எங்காவது மருந்து எடுத்திருந்தால் அந்தக் கிளினிக் கொப்பி, இப்போது குடிக்கிற குளிசைகளின் உறை, இவ்வளவையும் கொண்டுபோங்கள். வார நாளில் காலை வெள்ளெனப் போவது நல்லது. பின்னேரம் போனால் பெரும்பாலும் “நாளைக்கு வாங்கோ” தான். உடனே யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனேயே சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 1990 அம்புலன்ஸ். அதுவும் இலவசம்.

“கிளினிக்கில ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்” என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கண்டவரும் அங்கே ஏதோ அலுவலாகத்தான் வந்திருப்பார்.

2. என்ன வேண்டும், எவ்வளவு செலவு

40 பக்கக் கொப்பி ஒன்று. பேனை ஒன்று. எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாவுக்குள் முடியும். காசு கட்டிச் செயலி வாங்கத் தேவையில்லை. ஃபோனில் எழுதுவதையும் விடுங்கள். ஏச்சு விழுந்தவுடன் ஃபோனைத் தொட்டால் எழுத வந்ததை மறந்து ரிக்ரொக்கில் நிற்பீர்கள். காரணம் அவ்வளவுதான்.

நேரம் நாளுக்கு 10 நிமிடம், ஒன்பது கிழமைக்கு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு புதுப்பழக்கம் தானாக ஓடத் தொடங்க எத்தனை நாள் பிடிக்கிறது என்று பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. ஒன்பது கிழமை என்பது 63 நாள், அந்தச் சராசரிக்குக் கிட்ட. பிடிபடாவிட்டால் நீங்கள் 254 நாள் எடுக்கிற பக்கத்து ஆளாக இருக்கலாம், பிழை ஒன்றுமில்லை.

சோதனைக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறதென்றால் முழுவதையும் தொடங்க வேண்டாம். 5 ஆம் படியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் சோதனை முடிந்த பிறகு.

கொப்பியை எங்கே வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அறைக்குக் கதவில்லாத வீடுகளில் இது சின்ன விசயம் இல்லை. தங்கச்சி எடுத்து வாசித்துவிட்டுக் குசினியில் பகிடி பண்ணினால் அன்றோடு எல்லாம் நின்றுவிடும். பழைய பாடக் கொப்பி ஒன்றின் மட்டையைப் போட்டு, பாடக் கொப்பிகளுக்கு நடுவில் வையுங்கள். ‘பொருளியல் குறிப்புகள்’ என்று எழுதியிருக்கிற கொப்பியை ஒருவரும் ஆசைப்பட்டுத் திறப்பதில்லை.

3. முதல் 7 நாள்: திருத்தாமல் எழுதுங்கள்

பக்கத்தில் நாலு நிரல் போடுங்கள். நேரம், நடந்தது, உள்ளே சொன்ன வசனம், திரும்ப வேலைக்கு வர எடுத்த நிமிடம். ஒரு மாணவருடைய பக்கம் இப்படி இருக்கும்:

திங்கள், பி.ப. 4.10. பேப்பர் 19/50. “உனக்கெங்கை இதெல்லாம் ஏறப்போகுது.” 175 நிமிடம்.

செவ்வாய், காலை 5.40. அலாரம் அடித்தும் எழும்பவில்லை. “பஞ்சி பிடிச்சது. உருப்படாது.” 50 நிமிடம்.

புதன், இரவு 9.15. ரியூசனில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. “எல்லாரும் பாத்துச் சிரிச்சிருப்பினம்.” நித்திரை வரும்வரை.

இந்தக் கிழமையில் எதையும் மாற்றப் போகாதீர்கள். ஏசுவதை நிறுத்தவும் முயற்சிக்காதீர்கள். எழுதினால் போதும்.

அதிகம் பேர் பிழைவிடும் இடம் மூன்றாம் நிரல். “நான் தோல்வியடைந்துவிட்டதாக உணர்ந்தேன்” என்று கட்டுரைத் தமிழில் எழுதுவார்கள். உங்கள் மண்டைக்குள் ஒருவரும் கட்டுரைத் தமிழில் ஏசுவதில்லை. “விசரன்”, “மோடன்”, “உதவாக்கரை”, எது வந்ததோ அதையே, வந்த மாதிரியே எழுதுங்கள். எழுத்துத் தமிழில் போட்டால் குரலின் சூடு போய்விடும். பிறகு எதைத் திருத்துவது?

ஏழாம் நாள் கொப்பியோடு குந்தியிருந்து எண்ணிப் பாருங்கள். நூறு விதமாக ஏசுகிறோம் என்று நினைத்திருப்பீர்கள். கொப்பியில் மூன்று நாலு வசனம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒவ்வொன்றையும் மெல்ல வாய்விட்டு வாசித்தால் சிலவற்றில் இன்னொருவரின் இராகம் கேட்கும். எட்டாம் வகுப்பு வாத்தியார், பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமி. யாரென்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் போய்ச் சண்டை பிடிப்பதற்கு இல்லை. அவருக்கு அது நினைவிலும் இராது. அந்த வசனம் உங்களுடையது இல்லை என்று தெரிந்தால் அதைக் கைவிடுவது சுகம், அவ்வளவுதான்.

நாலாம் நிரலைக் கூட்டுங்கள். கிழமைக்கு எத்தனை நிமிடம் ஏச்சுக்குப் போயிற்று என்பது தெரியும். அந்த எண்ணை முன்மட்டையின் உட்பக்கத்தில் எழுதுங்கள். ஒன்பதாம் கிழமையில் அது வேண்டும்.

4. வசனத்தைப் பிரித்துப் போடுங்கள்

இரண்டாம் கிழமை. கூடுதலாக வந்த ஒரு வசனத்தை மட்டும் எடுங்கள். அதில் மூன்றை வெட்ட வேண்டும்.

முதலில் பட்டப்பெயர். “மோடன்” என்பதை எடுத்துவிட்டு என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். அடுத்து “நெடுக”, “ஒருநாளும்”, “எல்லாம்” மாதிரிச் சொற்கள். இவை வந்தால் அநேகமாகப் பொய். மூன்றாவது, எதிர்காலம் சொல்வது. “மூண்டாம் தரமும் போச்சு” என்று ஐப்பசியில் சொல்ல நீங்கள் சாத்திரியார் இல்லை.

வெட்டிய இடத்தில் எண்ணைப் போடுங்கள். 19/50 என்பதையே பிரித்துப் பாருங்கள். பிழைத்தது 31. அதில் சேதன இரசாயனம் 14, கணக்குக் கேள்வி 9, நேரம் போதாமல் விட்டது 8. இப்போது “எனக்கு இரசாயனம் ஏறாது” என்ற வசனம் நிற்க இடமில்லாமல் போகிறது. சேதனம் ஏறவில்லை, நேரம் பங்கிடத் தெரியவில்லை. இரண்டுக்கும் வழி இருக்கிறது, “ஏறாது” என்பதற்குத்தான் வழி இல்லை.

தையலில் என்றால்: “எனக்கு இந்தத் தொழில் சரிவராது” என்பது வெட்டுப்பட்டு, “கையளவு எழுதின துண்டைப் பாராமல் நினைவில வெட்டினன், தையலுக்கு விடுற அரை அங்குலத்தை மறந்திட்டன்” என்று வரும். இப்படி வந்தால் அடுத்த துணியில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையே இல்லை.

5. ‘நீ’யை ‘நீர்’ ஆக்குங்கள்

நேரமில்லாதவர்கள் மற்றெல்லாவற்றையும் விட்டாலும் இதை விடக்கூடாது.

கொப்பியைப் பாருங்கள். ஏச்செல்லாம் ‘நீ’ போட்டுத்தான் இருக்கும், அல்லது ‘நான் ஒரு’ என்று தொடங்கும். ‘நீ’ கொஞ்சவும் வரும், ஏசவும் வரும். உள்ளே கேட்கிற ‘நீ’ கொஞ்சுகிற ‘நீ’ இல்லை. ‘நீங்கள்’ என்று தன்னையே அழைத்தால் வங்கியில் கடன் கேட்டு நிற்பது போலிருக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு நடுவில் ஒன்று இருக்கிறது: ‘நீர்’. மதிப்பும் உண்டு, கிட்டமும் உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளையோடு வாத்தியார் கதைக்கிறதும், ஒத்த வயதுக்காரர் புதிதாகப் பழகும்போது கதைக்கிறதும் அதில்தான். “நீர் ஒரு உதவாக்கரை” என்று ஒருக்காச் சொல்லிப் பாருங்கள். கூத்து வசனம் போலிருக்கும், சிரிப்புத்தான் வரும். ‘நீர்’ போட்டு ஏச வாய் வளையாது.

தன்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக் கதைப்பதன் பலனை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் குறொஸ் 2014 இல் காட்டினார். மேடைப் பேச்சுக்குத் தயாராகும்போது ‘நான்’ என்று யோசித்தவர்களைவிட, தங்கள் பெயரைச் சொல்லித் தங்களோடு கதைத்தவர்களுக்குப் பதட்டம் குறைவு, பேச்சும் நன்றாக வந்தது. தமிழருக்கு இது புதிதும் இல்லை. நெஞ்சை எதிரே இருத்திக் கதைப்பதற்கு ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று பெயரே உண்டு.

வசனத்துக்கு மூன்று துண்டு. நடந்தது, நோவு, அடுத்த வேலை. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

“தம்பி, 19 தான் வந்திருக்கு. மனம் நொந்துதான் இருக்கும், சேதனம் கனபேருக்கு இப்பிடித்தான் இடிக்கிறது. முகத்தைக் கழுவிப்போட்டு வந்து, பிழைச்ச 14 இல முதல் அஞ்சை மட்டும் பாரும்.”

வீட்டில் உங்களை எப்படி அன்பாக அழைப்பார்களோ அந்தச் சொல்லைப் போடுங்கள். தம்பி, தங்கச்சி, பிள்ளை, ராசா, வீட்டுப் பெயர். ‘நீர்’ பழக்கமில்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் அந்தச் சொல்லோடு ‘நீங்கள்’ போடலாம். “பிள்ளை, முதல் அஞ்சைப் பாருங்கோ.” அதுவும் வேலை செய்யும்.

நடுத்துண்டைச் சிலர் வெட்கத்தில் விழுங்கிவிடுவார்கள். விழுங்கினால் மீதமிருப்பது மேலதிகாரியின் கட்டளை. தற்பரிவு என்ற துறையைத் தொடக்கிய கிறிஸ்ரின் நெஃப் 2003 இலேயே மூன்றைச் சேர்த்துச் சொன்னார்: தன்னிடம் கனிவு, இது எல்லா மனிதருக்கும் நடப்பதுதான் என்ற உணர்வு, நோவைப் பெருப்பிக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. நடுத்துண்டு இல்லாவிட்டால் மூன்றும் போச்சு.

கடைசித் துண்டுக்கு ஓர் இலக்கணச் சோதனை. வசனம் ‘உம்’ போட்ட ஏவலில் முடிய வேண்டும்: எழும்பும், திறவும், பாரும், எழுதும், நடவும். “பாவம், களைச்சுப்போனீர்” என்று முடிந்தால் அது ஆறுதல் மட்டும், ஆளை மேசைக்குக் கொண்டுவராது. ‘படும்’ என்பதும் ‘உம்’ இல்தானே முடிகிறது என்று பகிடி விடுவீர்கள் என்று தெரியும். விடலாம், நேரம் போட்டால்: “20 நிமிசம் படும், 4.40க்கு எழும்பும்.”

வேலை சின்னதாக இருக்க வேண்டும். ஐந்து கேள்வி, ஒரு பக்கம், 15 நிமிட நடை. “நாளையில இருந்து விடிய நாலு மணிக்கு எழும்பும்” என்பது வேலை இல்லை, தண்டனை.

6. எப்போது சொல்வது

ஏச்சு விழுந்த முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு ஃபோன் கைக்கு வந்துவிடும். நினைவில் வரும் என்று நம்பாதீர்கள். முன்கூட்டியே ‘இது நடந்தால் இது’ என்று கட்டி வையுங்கள்: “பேப்பர் திருத்தி முடிஞ்சு பேனையை வைக்கேக்க, கொப்பியைத் திறப்பன்.” “சீனி அளந்து எண் கூடிக் கிடந்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு வளவைச் சுத்தி நடப்பன்.” இப்படி நேரமும் இடமும் சொல்லிக் கட்டிய திட்டம், வெறும் “இனி நல்லாச் செய்வன்” என்பதைவிடக் கூடுதலாக நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

சொல்ல முதல் மூச்சு. நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து தரம். ஒரு நிமிடமும் ஆகாது. எங்கள் பேச்சில் ‘ஆறுதலா’ என்றால் அவசரப்படாமல் என்றும் பொருள். “ஆறுதலாச் செய்” என்று அம்மம்மா சொன்னது இரண்டையும் சேர்த்துத்தான்.

இரவு பத்துக்குப் பிறகு தன்னை எடை போடாதீர்கள். களைத்த மூளை நியாயமாகக் கதைக்காது. “இதை விடிய ஆறு மணிக்குப் பாப்பம், இப்ப படும்” என்று எழுதிக் கொப்பியை மூடுங்கள்.

7. எங்கே பிழைக்கும்

பெரிய புகழ்ச்சி. கண்ணாடிக்கு முன் நின்று “நீர் ஒரு சிங்கம்” என்று சொல்லச் சிலர் கற்றுத்தருவார்கள். 2009 இல் கனடாவில் ஜோஆன் வூட் குழு பார்த்தபோது, தன்மதிப்பு ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இப்படிப்பட்ட வசனம் மனநிலையை இன்னும் கீழே கொண்டுபோனது. உள்ளே இருப்பவர் உடனே “எங்கை சிங்கம்?” என்று கேட்பார். நம்பக்கூடிய வசனம்தான் நிற்கும். 19 ஐ 19 என்று சொல்லுங்கள்.

அடக்குவது. “இனி ஏசக்கூடாது” என்று பிடிவாதம் பிடித்தால் கூடும். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி உளவியலாளர் டானியல் வெக்னர் 1987 இல் செய்த பரிசோதனையிலும் கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது. குரல் கத்தட்டும். நீங்கள் அடுத்த வசனத்தைச் சொல்லுங்கள்.

“எல்லாருக்கும் உள்ளதுதானே, விடு.” கேட்கக் கனிவு மாதிரி இருக்கும், ஆனால் இது வாயை மூடு என்பதன் இன்னொரு வடிவம். நோவைச் சொன்ன பிறகுதான் மற்றவர்களைச் சேர்க்க வேண்டும்.

ஏசினதற்காக ஏசுவது. “இவ்வளவு நாள் எழுதியும் இன்னும் ஏசிக்கொண்டுதான் கிடக்கிறாய், மோடன்.” நாலாம் கிழமையில் அநேகம் பேர் இங்கே வழுக்குகிறார்கள். இதையும் ஒரு வரியாகக் கொப்பியில் போடுங்கள், நிமிடத்தோடு.

8. மற்றவர்களின் வாய்

நல்லூர்த் திருவிழா 25 நாள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தம் வந்து இறங்கும் காலம். “இப்ப என்ன செய்யிறீர்? எங்கட மகன் முடிச்சிட்டான்” என்ற கேள்வி தேர்முட்டியடியிலும் வரும், கச்சான் கடையிலும் வரும். யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி வழியாக ஊரெல்லாம் பரவிய “ஒரு பொல்லாப்பும் இல்லை” சுவரில் தொங்குகிற வீட்டுக்குள்ளேயே “எல்லாம் போச்சு” என்று பெறுபேற்றைப் பற்றிக் கதைப்பார்கள்.

அவர்களைத் திருத்த நேரமில்லை. ஒரு வசனம் ஆயத்தமாக வைத்திருங்கள், பத்துச் சொல்லுக்கு மேல் போகாமல்: “திரும்ப எடுக்கிறன் மாமி, சேதனம் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் எப்ப வந்தனீங்கள்?” கடைசிக் கேள்வி முக்கியம், கதை அவர் பக்கம் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அந்த வாய் உங்களுக்குள் தொடர்ந்தால் மூன்றாம் நிரலில் எழுதி, ஓரத்தில் ‘மாமி’ என்று போடுங்கள்.

9. ஒன்பதாம் கிழமை வரை

மூன்றாம் கிழமையிலிருந்து நாலாம் நிரலை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கூட்டினால் போதும். எத்தனை தரம் ஏசினீர்கள் என்று எண்ணாதீர்கள், அது கன காலத்துக்குக் குறையாது. குறைய வேண்டியது நிமிடம். ஓர் ஏச்சுக்கு 175 என்று போனது 90 ஆகி, ஒரு நாள் 20 ஆகும், அடுத்த கிழமை 120 க்குத் திரும்பவும் பாயும். பெறுபேறு வரும் கிழமை, வேலை நேர்முகம் முடிந்த கிழமை எல்லாம் பாயும். அதைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டாம்.

ஆறாம் கிழமை வரை கொஞ்சமும் அசையாவிட்டால் இரண்டைப் பாருங்கள். கடைசித் துண்டில் கொடுத்த வேலை பெரிதா? ஐந்து கேள்வியை இரண்டாக்குங்கள். வசனத்தை மனதுக்குள் மட்டும் சொல்கிறீர்களா? கிணற்றடியிலோ சைக்கிள் ஓடும்போதோ முணுமுணுத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் செய்தும் அசையாவிட்டால் 1 ஆம் படியை மறுபடி வாசியுங்கள்.

63 ஆம் நாள், முன்மட்டைக்குள் எழுதிய எண்ணிலிருந்து அந்தக் கிழமை நிமிடத்தைக் கழியுங்கள். கொப்பியில் இடம் முடிந்து இன்னொன்று வாங்குவதானால் ஏழு நாள் பதிவு திரும்பத் தேவையில்லை. உங்களுக்குச் சரிவந்த மூன்று ‘நீர்’ வசனத்தை முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, நேரே 5 இலிருந்து தொடங்குங்கள். பழைய கொப்பியை எரிக்கிறீர்களோ வைத்திருக்கிறீர்களோ உங்கள் விருப்பம். கச்சான் சுற்றப் போகிற பழைய பேப்பர்க் கட்டோடு மட்டும் போட்டுவிடாதீர்கள்.